வாசகர் கேள்விகள்: வீரம் இன்னும் மிச்சம் இருக்கா?

போன இதழ்ல விருதுநகர் வாசகர் ஒருத்தர், வீரமெல்லாம் நடுகல்லோட முடிஞ்சுபோச்சு, இனிமே எவனும் அடுத்தவனுக்காக உயிரைக் குடுக்க மாட்டான்னு எழுதியிருந்தாரு. அதைப் போட்டாலும் போட்டோம், தபால்லயும் வாட்ஸ்அப்லயும் ஒரே சண்டை. அதனால இந்த வாரம் வேற கேள்வி எதையும் எடுக்கல. சினிமா கிசுகிசு கேட்டவங்கல்லாம் அடுத்த வாரம் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

நான் கேட்டது நேரடியான கேள்வி சார். அந்தக் காலத்துல நடுகல் வச்சாங்களே, அதுக்கு லாயக்கான ஆள் இப்ப உண்டா இல்லையா? சுத்தி வளைக்காம சொல்லுங்க.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், விருதுநகர்

உண்டுங்க அய்யா. ஆனா அந்தக் காலத்துல யாருக்கு நடுகல் வச்சாங்கன்னு முதல்ல பார்த்துருவோம். நாம என்னமோ எல்லாம் ராஜாவுக்கும் தளபதிக்கும் வச்சதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம், செங்கம் பக்கம் கிடைச்ச கல்லுகளைப் பாருங்க, ஊர் மாட்டை ஓட்டிட்டுப் போனவன்கிட்ட மல்லுக்கட்டி செத்தவன், மாட்டை மீட்கப் போய் திரும்பாதவன், இப்படி ஊர்க்காரங்கதான் நிறைய. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர்ல மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல்லு ஒண்ணு இருக்கு, அதுல செத்துப்போன வீரன் பக்கத்துல அவனோட நாயையும் செதுக்கியிருக்காங்க, கோவிவன்னு அதுக்குப் பேரு, ரெண்டு திருடனைக் கடிச்சுக் காவல் நின்னுச்சுன்னு எழுத்து வெட்டியிருக்கு. நாய்க்கே பேர் போட்டு மரியாதை பண்ணின ஊரு நம்ம ஊரு! அன்னைக்கு அவங்க பார்த்தது ஆளோட அந்தஸ்தை இல்ல, அந்த நேரத்துல என்ன பண்ணினான்னுதான்.

அந்தக் கணக்குல பார்த்தா 2020 ஆகஸ்ட்ல பெரம்பலூர் மாவட்டம் கொட்டரைல நடந்ததுக்கு தாராளமா கல்லு நடலாம். மருதையாத்து அணையில மழைத்தண்ணி நின்னுச்சு. சிறுவாச்சூர்லேர்ந்து கிரிக்கெட் ஆட வந்த பசங்க ஆட்டம் முடிஞ்சதும் குளிக்கலாம்னு அங்க போறாங்க. துணி துவைச்சுட்டு கிளம்பிக்கிட்டு இருந்த பொம்பளைங்க, ஆழம் ஜாஸ்திப்பா பார்த்துன்னு சொல்றாங்க, அந்த வயசுல யாரு கேக்குறா? கொஞ்ச நேரத்துல நாலு பேர் ஆழத்துல சிக்கிட்டாங்க. கயிறு இல்ல, கம்பு இல்ல, கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர பக்கத்துல ஆளும் இல்ல. அந்தப் பொம்பளைங்க கட்டியிருந்த புடவையை உருவி தண்ணிக்குள்ள வீசினாங்க. ரெண்டு பசங்க அதைப் புடிச்சுக்கிட்டு கரைக்கு வந்துட்டாங்க, மத்த ரெண்டு பேரை காப்பாத்த முடியல.

நம்ம ஊர்ல ஒரு பொம்பளை, வெட்டவெளியில, பத்துப் பன்னெண்டு அந்நிய ஆம்பளைப் பசங்க நிக்கிற இடத்துல, புடவையை அவுக்கணும்னா என்ன அர்த்தம்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. தண்ணி பயத்தைவிட அது பெரிய பயம். யோசிக்க நேரம் கிடைச்சிருந்தா பாதிப் பேர் யோசிச்சுக்கிட்டேதான் நின்னிருப்போம். அந்த வருஷம் சுதந்திர தினத்துக்கு அவங்கள்ல மூணு பேருக்கு அரசாங்கம் கல்பனா சாவ்லா விருது குடுத்துச்சு. அவங்க பேரை நான் இங்க சொல்லப் போறதில்ல, அவங்க அவங்க பாட்டுக்கு நிம்மதியா இருக்கட்டும்.

சினிமா ஹீரோவுக்கும் நிஜ ஹீரோவுக்கும் என்ன வித்தியாசம்?
– கல்லூரி மாணவர், திருச்சி

நிஜ ஹீரோ மறுநாள் காலைல மேனேஜர்கிட்ட போய், நேத்து ஏன் லீவ் சொல்லலன்னு திட்டு வாங்கணும்.

ரோட்டுல ஒருத்தன் அடிபட்டுக் கிடந்தா நாலு பேரு வீடியோ எடுக்குறான், தூக்க ஒருத்தன் இல்ல. மனுசத்தன்மையே செத்துப்போச்சுன்னுதான் எனக்குத் தோணுது. நீங்க என்ன சொல்றீங்க?
– வாசகி, ஈரோடு

அம்மா, உங்க கோவம் நியாயம்தான், எனக்கும் அந்த வீடியோவைப் பார்த்தா பத்திக்கிட்டு வரும். ஆனா ஒண்ணு யோசிங்க, தூக்கினவன் கையில போன் இருக்காதுல்ல? அவன் ரெண்டு கையிலயும் ரத்தம். அதனால நமக்கு வந்து சேர்றது முழுக்க வேடிக்கை பார்த்தவன் எடுத்த படம்தான். அதை வச்சு உலகத்தை எடை போட்டா இப்படித்தான் தோணும்.

இந்த பயம் ஒண்ணும் செல்போன் வந்தப்புறம் வந்தது இல்ல. 1964 மார்ச்ல நியூயார்க்ல கிட்டி ஜெனோவீஸ்னு ஒரு இளம்பெண்ணை வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர்ற வழியில ஒருத்தன் கத்தியால குத்திக் கொன்னுட்டான். 38 பேர் பார்த்துக்கிட்டே சும்மா இருந்தாங்கன்னு நியூயார்க் டைம்ஸ் எழுதுச்சு, உலகம் முழுக்க நகரத்துக்காரன் கல்நெஞ்சன்னு பேச்சாச்சு, அதை வச்சே ஆராய்ச்சியெல்லாம் பண்ணினாங்க, கூட்டம் ஜாஸ்தி ஆக ஆக ஒவ்வொருத்தனும் அடுத்தவன் பார்த்துப்பான்னு விட்டுருவான்னு பாடப்புஸ்தகத்துல ஏறிருச்சு. அப்புறம் பல வருஷம் கழிச்சு தோண்டிப் பார்த்தா அந்த 38 கணக்கே ஊதிப் பெருசாக்கினது, முழுசா பார்த்தவங்க ரொம்பக் கொஞ்சம் பேருதான், அந்தப் பத்திரிகையே பின்னாடி அதை ஒத்துக்கிச்சு. அதைவிட முக்கியமா, அதே கட்டடத்துல இருந்த சோஃபியா ஃபரார்ங்கிற பொண்ணு, கொலைகாரன் இன்னும் அங்கயே நிக்கிறானா இல்லையான்னுகூட தெரியாம நடுராத்திரில கீழ ஓடிவந்து, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அந்தப் பொண்ணைத் தாங்கிப் புடிச்சுக்கிட்டு இருந்திருக்கா. இது அந்த 38 பேர் கதையில வரவே இல்ல.

2019ல ஆம்ஸ்டர்டாம், இங்கிலாந்துல இருக்குற லங்காஸ்டர், தென்னாப்பிரிக்காவோட கேப்டவுன் இந்த மூணு ஊர்லயும் தெருச்சண்டை பதிவான 219 சிசிடிவி துண்டுகளை உக்காந்து பார்த்து ஒரு ஆய்வு பண்ணினாங்க. பத்துக்கு ஒன்பது சண்டையில குறைஞ்சது ஒரு ஆளாவது நடுவுல பூந்திருக்காங்க, விலக்கி விட்டோ, அடிபட்டவனைப் பார்த்துக்கிட்டோ. கூட்டம் அதிகமா இருந்தா யாராவது பூந்து விடுற வாய்ப்பும் அதிகமாத்தான் இருந்துச்சு. இதுல கேமராவை யாரும் புடிச்சுக்கிட்டு நிக்கல, கம்பத்துல இருந்துச்சு, அதான் தூக்கினவனும் படத்துல விழுந்தான்.

சும்மா ஒருத்தரைச் சொல்லுங்க சார், உங்க கணக்குல இந்தக் காலத்து டாப் ஹீரோ யாரு?
– டூவீலர் மெக்கானிக், மதுரை

ஒருத்தர் இல்ல தம்பி, ஒரு டஜன் பேர். அதுவும் உங்களை மாதிரி கைவேலை பார்க்குறவங்க.

2023 நவம்பர் 12, தீபாவளி அன்னைக்கு விடியக்காலைல உத்தராகண்ட்ல சில்க்யாராங்கிற இடத்துல மலையைக் குடைஞ்சு போட்டுக்கிட்டு இருந்த சுரங்கப்பாதை இடிஞ்சு விழுந்து 41 தொழிலாளிங்க உள்ள மாட்டிக்கிட்டாங்க, ஞாபகம் இருக்கா? நடுவுல கிட்டத்தட்ட 60 மீட்டருக்கு மண்ணும் பாறையும் கம்பியும். அமெரிக்காவுல செஞ்ச ஆகர் மெஷினைக் கொண்டுவந்து துளை போட்டுக்கிட்டே பைப்பைத் தள்ளினாங்க, ஆஸ்திரேலியாவுலேர்ந்து நிபுணர் வந்தாரு, டிவிக்காரன் மொத்தமும் வாசல்ல. இன்னும் பத்துப் பன்னெண்டு மீட்டர்தான் பாக்கிங்கிறப்ப மெஷினோட பிளேடு கம்பியில சுத்தி உடைஞ்சு உள்ளயே மாட்டிருச்சு. அதை வெட்டி எடுக்கவே ஹைதராபாத்லேர்ந்து பிளாஸ்மா கட்டர் வரவழைச்சாங்க.

அப்பத்தான் டெல்லிப் பக்கம் தண்ணி பைப்பு, சாக்கடை பைப்பு பதிக்க மண்ணுக்குள்ள குடையிற 12 பேரைக் கூட்டிட்டு வந்தாங்க. எலி வளை தோண்டுறவங்கன்னு பேப்பர்ல போட்டாங்களே, அவங்கதான். மேகாலயா நிலக்கரிச் சுரங்கத்துல இந்த மாதிரி தோண்டுறதை பசுமைத் தீர்ப்பாயம் 2014லயே தடை பண்ணிருச்சு, ஆபத்துன்னு. அந்த வேலையைத் தெரிஞ்சவன்தான் கடைசியில வேணும்னு ஆயிருச்சு. 800 மில்லிமீட்டர் பைப்பு, அதாவது ரெண்டரை அடி சொச்சம். அதுக்குள்ள ஒருத்தர் தவழ்ந்து போய் கையால தோண்டுவாரு, அவருக்குப் பின்னாடி ஒருத்தர் மண்ணை வாரி தள்ளுவண்டியில போடுவாரு, வெளியில இருக்குறவங்க கயித்தைப் புடிச்சு வண்டியை இழுப்பாங்க. களைச்சுப்போனா அடுத்த செட்டு. திரும்பி உக்காரக்கூட இடம் கிடையாது, மேல இருந்து மறுபடி இடிஞ்சா அவ்ளோதான். கிட்டத்தட்ட ஒரு நாளைக்குள்ள வேலையை முடிச்சுட்டாங்க, 28ஆம் தேதி ராத்திரி 41 பேரும் உசுரோட வெளிய வந்தாங்க. உள்ள இருந்தவங்கள்லயும் ஒரு ஃபோர்மேன், எல்லாரும் போனப்புறம்தான் நான் வருவேன்னு சொன்னாராம், அவரும் லேசுப்பட்டவர் இல்ல.

இப்ப மீதிக் கதையையும் கேளுங்க, இதைத்தான் யாரும் ஷேர் பண்றதில்ல. மாநில அரசு அந்த 12 பேருக்கும் ஆளுக்கு 50,000 ரூபாய் செக் குடுத்துச்சு, இதை மாத்த மாட்டோம்னு மனசு ஒடிஞ்சுபோய் சொன்னாங்க. 2024 பிப்ரவரில, சுரங்கத்துலேர்ந்து ஆளுங்க வெளிய வந்து சரியா மூணு மாசத்துல, அவங்கள்ல ஒருத்தரோட வீட்டை ஆக்கிரமிப்புன்னு சொல்லி டெல்லியில புல்டோசர் விட்டு இடிச்சாங்க. சட்டப்படி யாரு பக்கம் நியாயம்னு நான் இங்க உக்காந்து தீர்ப்பு சொல்லல, ஆனா மாலை போட்ட படம் பேப்பர்ல பழசாகுறதுக்குள்ளயான்னு வயிறு எரிஞ்சுச்சு.

இன்னொண்ணு. அந்தச் சுரங்கத்துக்கு 2018ல மத்திய அமைச்சரவை அனுமதி குடுத்தப்பவே, தப்பிக்கிற வழியோடன்னு எழுதித்தான் குடுத்திருக்காங்க. இடிஞ்ச அன்னைக்கு அந்த வழி இருந்திருந்தா 41 பேரும் நடந்தே வந்திருப்பாங்க, நமக்கு இந்த 12 பேரை யாருன்னே தெரிஞ்சிருக்காது. எங்கயெல்லாம் ஒரு ஹீரோ முளைக்கிறானோ அங்க எவனோ ஒருத்தன் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாம விட்டிருக்கான், எனக்கு அப்படித்தான் படுது. நாம கைதட்டுற சத்தத்துல அவன் நைசா கழண்டுக்குறான்.

போலீஸ், மிலிட்டரில இருக்குறவங்க செத்தா வீரமரணம்னு சொல்றாங்க. அவங்க சம்பளம் வாங்கித்தானே வேலை பாக்குறாங்க? கடமை எப்படி வீரம் ஆகும்?
– பிளஸ் டூ மாணவி, கோயம்புத்தூர்

நல்லா கேட்ட பாப்பா. சம்பளம் எது வரைக்கும் வாங்கினதுன்னு ஒரு கோடு இருக்குல்ல, அதைத் தாண்டினதுதான் கணக்கு.

2008 நவம்பர் 26 மும்பை தாக்குதல் ராத்திரி. கிர்காவ் சௌபாத்தில போலீஸ் தடுப்பு போட்டு நிக்குது. தாக்குதல் நடத்தின பயங்கரவாதிகள்ல கசாபும் இன்னொருத்தனும் திருடின கார்ல வர்றாங்க. இன்னொருத்தன் அங்க நடந்த சண்டையில சுடப்பட்டான். கசாப் சரண்டர் ஆகுற மாதிரி இருந்துட்டு ஏகே 47ஐத் தூக்குறான். துக்காராம் ஓம்ப்ளேன்னு உதவி சப் இன்ஸ்பெக்டர், கையில இருந்தது வெறும் லத்தி. அவரு ஓடிப்போய் அந்தத் துப்பாக்கிக் குழாயை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டாரு. குண்டு முழுக்க அவரு உடம்புக்குள்ளயே போச்சு, பின்னாடி இருந்தவங்க தப்பிச்சாங்க, கசாபை உசுரோட அமுக்கிட்டாங்க. அவனை உசுரோட புடிச்சதாலதான் எங்கிருந்து வந்தாங்க, யாரு அனுப்பினதுன்னு கோர்ட்ல நிரூபிக்க முடிஞ்சுது. ஓம்ப்ளேவுக்கு 2009ல அசோக சக்ரா குடுத்தாங்க. லத்தியோட நின்னா அந்த மாசச் சம்பளம் வந்திருக்கும், குழாயைப் புடின்னு எந்த ரூல் புக்குலயும் இல்ல. ஏகே 47க்கு எதிர்ல லத்தியைக் குடுத்து நிறுத்தினது யாருங்கிற கேள்வியும் இருக்கு, மேல மெக்கானிக் தம்பிக்கு சொன்னதுதான்.

ஒரு உபரித் தகவல், 2021ல மகாராஷ்டிராவுல கண்டுபுடிச்ச ஒரு குட்டித் தாவும் சிலந்திக்கு ஐசியஸ் துக்காராமின்னு அவர் பேரையே வச்சிருக்காங்க. சிலை வச்சா காக்கா உக்காரும், இது பரவாயில்ல.

ஒண்ணுமே செய்யாம சும்மா இருந்து ஹீரோ ஆனவங்க யாராவது உண்டா? எனக்கு அந்த மாதிரிதான் செட் ஆகும்.
– ஐடி ஊழியர், சோழிங்கநல்லூர்

கிண்டலா கேட்டீங்கன்னு தெரியுது, ஆனா ஆள் இருக்காரு. ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ், சோவியத் ராணுவ அதிகாரி. 1983 செப்டம்பர் 26, மாஸ்கோவுக்குத் தெக்க ஒரு பதுங்கு அறையில நைட் ஷிப்ட். அமெரிக்கா ஏவுகணை விட்டுருச்சுன்னு சாட்டிலைட் கம்ப்யூட்டர் அலறுது. முதல்ல ஒண்ணு, அப்புறம் வரிசையா நாலு, மொத்தம் அஞ்சு. மேலிடத்துக்கு ஒரு போன் போட்டு தாக்குதல் வந்துருச்சுன்னு சொல்ல வேண்டியது அவரு வேலை. அப்ப இருந்த சூழ்நிலையையும் பாருங்க, மூணு வாரம் முன்னாடிதான் சோவியத் போர்விமானம் கொரியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தி 269 பேர் செத்திருந்தாங்க, ரெண்டு பக்கமும் விரலை ட்ரிகர்லயே வச்சிருந்த நேரம். இந்த மனுசன், உலகப்போர் ஆரம்பிக்கிறவன் அஞ்சே அஞ்சு ஏவுகணையா விடுவான்னு யோசிச்சாரு, தரையில இருக்குற ரேடார்லயும் ஒண்ணும் தெரியல, சிஸ்டம் கோளாறுன்னு ரிப்போர்ட் பண்ணிட்டு உக்காந்துட்டாரு. அவரு கணக்கு தப்பா இருந்தா தெரியறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். கடைசியில பார்த்தா மேகத்து மேல பட்ட சூரிய வெளிச்சத்தை சாட்டிலைட் ஏவுகணைன்னு நினைச்சுக்கிச்சு.

பரிசு என்ன தெரியுமா, அன்னைக்கு லாக்புக் ஏன் ஒழுங்கா எழுதலன்னு அவரை வாங்கு வாங்குன்னு வாங்கினாங்க. உங்க ஆபீஸ் ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்ல. 2017 மே மாசம் செத்தாரு, அதுகூட செப்டம்பர்லதான் வெளி உலகத்துக்கே தெரிஞ்சுது.

எங்க ஊர்ல செப்டிக் டேங்க்ல இறங்கினவனைக் காப்பாத்தப் போயி ரெண்டாவது ஆளும் செத்துட்டான். ஊரே அவனை வீரன்னு சொல்லுது, எனக்கு ஆத்திரமா வருது. இது வீரமா, முட்டாள்தனமா?
– வாசகர், திருவள்ளூர் மாவட்டம்

அவனை முட்டாள்னு சொல்ல எனக்கு வாய் வரல. உள்ள கிடக்குறது கூட வேலை பார்த்தவன், சில நேரம் சொந்த அண்ணன் தம்பி, அந்த நேரத்துல யாருக்குக் காலு நிக்கும்? அவன் பண்ணினது வீரம்தான். ஆனா நீங்க ஆத்திரப்படுறதும் சரி.

அந்தத் தொட்டிக்குள்ள இருக்குறது ஹைட்ரஜன் சல்ஃபைடுங்கிற விஷவாயு. கொஞ்சமா இருந்தா அழுகின முட்டை நாத்தம் அடிக்கும், அளவு ஏறினா மூக்கே மரத்துப்போய் வாசனை தெரியாமப் போயிரும், உடனே உள்ள ஒண்ணும் இல்லன்னு தைரியமா இறங்குவோம், இன்னும் அதிகமா இருந்தா ஒண்ணு ரெண்டு மூச்சுலயே ஆள் சுருண்டு விழுந்துருவாரு. மூச்சைப் புடிச்சுக்கிட்டு இறங்கலாம், மூஞ்சியில துண்டைக் கட்டிக்கிட்டு இறங்கலாம்ங்கிறதெல்லாம் நடக்காத காரியம். அதான் ஒவ்வொரு தடவையும் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா ரெண்டு, மூணுன்னு போகுது. மூடியை முழுசா திறந்து வையுங்க, 101க்கோ 112க்கோ அடிங்க, தீயணைப்புக்காரங்க மூச்சுக்கருவியோட வருவாங்க, அது வரைக்கும் இறங்கத் துடிக்கிறவனை நாலு பேர் சேர்ந்து இறுக்கிப் புடிச்சுக்கோங்க. அங்க புடிச்சு நிறுத்துறவனுக்கு அழுகையும் திட்டும்தான் கிடைக்கும், இருந்தாலும் ஒரு உசுரு மிச்சம்.

மனுசனைச் சாக்கடையிலயும் தொட்டியிலயும் பாதுகாப்பு இல்லாம இறக்கவே கூடாதுன்னு 2013லயே சட்டம் வந்தாச்சு. செத்தா குடும்பத்துக்கு 30 லட்சம் குடுக்கணும்னு 2023 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, அதை உங்க ஊர்க் குடும்பத்துக்கிட்ட யாராவது சொன்னாங்களான்னு முதல்ல விசாரிங்க. கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கச் சொல்லுங்க. வீரன்னு பேனர் வச்சுட்டு, இறக்கிவிட்ட ஓனரையும் கான்ட்ராக்டரையும் விட்டுட்டாங்கன்னா உங்க ஆத்திரம் ரொம்ப ரொம்ப நியாயம்.

எல்லாம் சரி சார், ஆக்சிடன்ட்ல அடிபட்டவனைத் தூக்கிட்டுப் போனா போலீஸ் கேஸுன்னு கோர்ட்டுக்கு அலைய விடுறாங்களே, அதுக்குப் பயந்துதான் பாதிப் பேர் ஒதுங்கிப் போறாங்க. அதுக்கு என்ன பதில்?
– ஆட்டோ டிரைவர், சென்னை

அண்ணே, அந்த பயத்துக்குக் காரணம் இருந்துச்சு, ஆனா இப்ப சட்டம் உங்க பக்கம். 2016 மார்ச்ல சுப்ரீம் கோர்ட் ஒரு வழிகாட்டுதலுக்கு ஒப்புதல் குடுத்துச்சு, 2019ல மோட்டார் வாகனச் சட்டத்துலயே 134ஏன்னு ஒரு பிரிவைச் சேர்த்துட்டாங்க. நல்லெண்ணத்தோட உதவி பண்ணப் போனவர் மேல, அடிபட்டவருக்கு ஏதாவது ஆயிருச்சுன்னு சிவில் கேஸும் போட முடியாது, கிரிமினல் கேஸும் போட முடியாது. ஆஸ்பத்திரில உங்க பேர், போன் நம்பர் குடுத்தே ஆகணும்னு கட்டாயம் கிடையாது. நீங்க கட்டினாத்தான் அட்மிஷன்னும் சொல்லக் கூடாது.

நம்ம தமிழ்நாட்டுல 2021 டிசம்பர்லேர்ந்து இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48 திட்டம் ஓடுது, விபத்துல சிக்கினவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அதுல சேர்ந்திருக்குற ஆஸ்பத்திரில இலவசமா பார்ப்பாங்க, அவரு எந்த மாநிலத்துக்காரரா இருந்தாலும் சரி. உதவி பண்ணினவருக்கு மத்திய அரசு 2021ல 5,000 ரூபாய் பரிசு அறிவிச்சு, இப்ப அதை 25,000 ஆக்கியிருக்காங்க. பரிசுக்காக நீங்க தூக்கப்போறதில்லன்னு தெரியும், ஆனா ஒரு சவாரி போனது போச்சுல்ல, வாங்கிக்கோங்க, தப்பே இல்ல. அப்படியும் எங்கயாவது உக்கார வச்சு அலைய விட்டாங்கன்னா 134ஏன்னு ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க. என்ன சொன்னாங்கன்னு எனக்கும் எழுதிப் போடுங்க, இதே பகுதியில போட்டுருவோம்.